வாசலில் வேகம் குறைத்தவன்

அத்தியாயம் 6

"சபாஷ்! நான்கு கிலோமீட்டர் முடிந்தது. அருமையான ஆரம்பம்!"

ஹேண்டில்பாரில் கட்டியிருந்த செல்போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் உற்சாகமாக அறிவித்தது. அந்தக் குரலுக்குக் கழுத்து என்று ஒன்று இருந்திருந்தால் கம்ஷத் அப்போதே நெரித்திருப்பாள்.

நாற்பத்து நான்கு வயது. பதினெட்டு வருஷம் போலீஸ் விசாரணைப் பிரிவு. அப்புறம் ஆறு வருஷமாகச் சொந்தத் துப்பறியும் அலுவலகம். இத்தனை அனுபவத்திலும் அல்மாட்டி மலையடிவாரத்து ஏற்றத்தில் வாடகை சைக்கிளை மிதிக்கும்படி எந்தக் கேஸும் அவளைக் கேட்டதில்லை.

பின்னால் பழைய நிவா காரை உருட்டிக்கொண்டு வந்த எர்மெக், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"தங்கச்சி, கொஞ்சம் ஓரமா ஒதுங்கு. பின்னாடி ஒரு பசுமாடு ஹாரன் அடிக்குது. அதுக்கு ஏதோ அவசர வேலைபோல."

"அண்ணே, வாயை மூடிட்டு ஓட்டுங்க."

"வாயை மூடினா பவுர்சாக்கை எப்படித் தின்னறது?" என்று அந்த எண்ணெய்ப் பணியாரத்தில் இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

எர்மெக்கிற்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாண மேடைகளில் மைக் பிடித்து விருந்தை நடத்திக் கொடுப்பவனாக இருந்தவன். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பழைய காதலியையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்துவிட்டதில் அந்தத் தொழில் போயிற்று. அதிலிருந்து கம்ஷத்திடம் உதவியாளன்.

கம்ஷத் ஓர் ஆப்பிள் மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அப்படியே புல்லில் சரிந்தாள். அக்டோபர் வெயில் மேலே ஏறத் தொடங்கியிருந்தது.

"எதுக்கு இந்தக் கொடுமை? கார்லயே அந்தப் பையன் ஐபார் பின்னால போயிருக்கலாமே?" என்றான் எர்மெக்.

"இந்த ஜோல் சைக்கிள் ஆப்பைப் பத்தி ஒண்ணும் தெரியாம அதுல வர்ற புள்ளியைப் பத்தி எப்படிப் பேசறது? ஓட்டிப் பார்த்தாத்தான் அது எதைப் பிடிக்குது, எதை விடுதுன்னு தெரியும். கார்ல போனா 'நீங்கள் வண்டியில் போகிறீர்கள்'னு கத்தி கணக்கை நிறுத்திடுது. அதை நேத்தே பார்த்துட்டோமே."

நேற்று மதியம் நகரத்தின் கிழக்கு ஓரத்து ஆஸ்பத்திரியில்தான் கேஸ் ஆரம்பித்தது. இதயப் பிரிவு, ஜன்னலோரக் கட்டில். தொக்தாசின் என்ற அறுபத்தேழு வயதுக்காரர். ஒரு காலத்தில் முந்நூறு குதிரைகளை மேய்த்த உடம்பு, இப்போது இரண்டு தலையணைகளில் சாய்ந்து மூச்சு வாங்கியது. கையில் செல்போன்.

"இது என் மகன் ஐபாரோட புள்ளி," என்று அவர் திரையைக் காட்டினார். "தினமும் காலையில வருது. எங்க ஊர் கரபுலாக்ல கிளம்பும். ஆத்துப் பாலம் வரைக்கும் போகும். திரும்பும். அங்கேர்ந்து இங்க பதினேழு கிலோமீட்டர், அதுவும் இறக்கம். ஆனா இங்க மட்டும் வரமாட்டேங்குது. பதினோரு தடவை போன் போட்டேன். யாரும் எடுக்கலை. வியாழக்கிழமை என் நெஞ்சைப் பொளக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி இந்தப் புள்ளியை ஓட்டறவனைக் கண்டுபிடிச்சுக் கொடு தாயி."

வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். இன்று செவ்வாய்.

"குடும்பத்துல என்ன சொல்றாங்க?" என்று நேற்று கம்ஷத் கேட்டதற்குக் கிழவர் சிரித்த மாதிரி ஏதோ செய்தார்.

"ஒருத்தி கராகண்டாவுக்கு வேலைக்குப் போயிருக்கான்கறா. இன்னொருத்தன் அஸ்தானாவுல பந்தயம்கறான். புள்ளி என்னடான்னா எங்க ஊர்லயே சுத்துது."

எர்மெக் ஐபாரின் சைக்கிள் கிளப்புக்குப் போன் செய்தபோது, எதிர்முனையில் ஒரு பையன், "அதைச் சொல்ல வேண்டியவங்க நாங்க இல்லைண்ணே. அவங்க சித்தப்பாவைக் கேளுங்க," என்று வைத்துவிட்டான்.

"பையன் ஏதோ வில்லங்கத்துல மாட்டிக்கிட்டான், ஊரே சேர்ந்து ஒளிச்சு வெச்சிருக்கு. என் கணக்கு அதான்," என்றான் எர்மெக் இப்போது. "பொண்ணு விஷயமா இருக்கும்."

"ஒளிஞ்சிருக்கறவன் தினமும் காலையில, தான் எங்க இருக்கேன்னு வரைபடத்துல புள்ளி வெச்சுக் காட்டுவானா?" ஜோலில் கிழவரின் கணக்கைத் திறந்திருந்த போனைக் கம்ஷத் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இதைப் பாருங்க. போன மாசம் வரைக்கும் ஐபார் இந்த இறக்கத்துல அம்பத்து ரெண்டு கிலோமீட்டர் வேகம். ஓநாய் மாதிரி இறங்கியிருக்கான். அப்புறம் மூணு நாள் ஒண்ணுமே இல்லை. நாலாம் நாள்லேர்ந்து மறுபடி புள்ளி. வேகம் எவ்வளவு தெரியுமா? பதினாலு."

"டயர் பஞ்சரா?"

"தொடர்ந்து பதினேழு நாளாவா? இன்னொண்ணு பாருங்க. அந்த முதல் நாலு நாள் கோடு ரோட்டுலயே இல்லை. அங்கங்க வாய்க்கால் ஓரமா ஒதுங்கி, ரெண்டு நிமிஷம் நிக்குது. திரும்ப ரோட்டுக்கு வருது. மறுபடி ஒதுங்குது."

எர்மெக் குனிந்து பார்த்தான். "வாய்க்கால் ஓரம் நல்ல பச்சைப் புல் இருக்கு தங்கச்சி. சைக்கிள் பசியில மேஞ்சிருக்கும்."

"தமாஷ் போதும்."

"தமாஷ் இல்லை. இந்தக் கோட்டைப் பார்த்தா எனக்கு அப்படித்தான் தோணுது."

கம்ஷத் அவனை ஒரு கணம் முறைத்தாள். பிறகு விரலால் திரையை நகர்த்தினாள். "கடைசியா ஒண்ணு. இதுதான் எனக்குப் புரியலை. தினமும் நாலு இடத்துல வேகம் திடீர்னு அஞ்சுக்கு இறங்குது. நடக்கற வேகம். ரொட்டிக்கடை, பாலத்து டீக்கடை, தொக்தாசின் ஐயாவோட பூட்டின வீடு, அப்புறம் சவாரி முடியற நீல கேட். நாலு இடத்துலயும் வாசலுக்கு நூறடி முன்னாலயே குறையுது. வேற எங்கயும் குறையலை. ஏன்?"

"நாய் துரத்தும்னு பயமா இருக்கும்."

"நாய்க்குப் பயந்தவன் வேகமால்ல போவான்?"

எர்மெக் பவுர்சாக்குப் பொட்டலத்தை மடித்து வைத்தான். அது ஓர் அபூர்வ சம்பவம்.

அந்தச் சமயத்தில் போன் துள்ளியது. "உங்கள் நண்பர் ஐபார் அருகில்தான் இருக்கிறார்! கையசைத்து உற்சாகப்படுத்துங்கள்!"

வரைபடத்தில் பச்சைப் புள்ளி. ஆற்றுப் பாலத்திலிருந்து திரும்பி, கரபுலாக்கை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பதினான்கு. பதினான்கு. பதிமூன்று.

"நீல கேட்டுக்குத்தான் போறான்," கம்ஷத் எழுந்தாள். "நாம மேல இருக்கோம், அவன் கீழேர்ந்து வர்றான். ரெண்டு கிலோமீட்டர் இறக்கம். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கறதுக்குள்ள நான் வாசல்ல நிக்கணும்."

"கார்ல ஏறு!"

"நடுவுல செம்மறி மந்தை குறுக்க போகுது பாருங்க. கார் நுழையாது."

அவள் சைக்கிளில் தாவி ஏறினாள். பிரேக்கை விட்டாள். இறக்கம் அவளை வாங்கிக்கொண்டது. ஆடுகள் இரண்டு பக்கமும் சிதறின. மேய்ப்பன் எதையோ கத்தினான், நிச்சயம் அது வாழ்த்து இல்லை. "முப்பத்தெட்டு! உங்கள் சாதனை!" என்று போன் கூவியது. ஆப்பிள் தோட்டங்கள் பின்னால் ஓடின. தெரு திரும்பியதும் நீல கேட் தெரிந்தது. கம்ஷத் கேட்டுக்கு இரண்டடி முன்னால் பிரேக்கை அழுத்த, பின் சக்கரம் வழுக்கி, புழுதி ஆளுயரம் எழுந்தது.

உள்ளேயிருந்து ஏதோ விழுந்து உருளும் சத்தம்.

புழுதி அடங்கியபோது, கேட்டுக்குள் ஒரு நடுத்தர வயதைத் தாண்டிய பெண் நின்றிருந்தாள். காலடியில் பால் வாளி கவிழ்ந்து கிடந்தது. முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. ஒரு கையால் கேட்டைப் பிடித்திருந்தாள்.

"யாரு?" என்றாள். "யாரு போயிட்டா? ஆஸ்பத்திரியிலயா? பெரியவரா?"

கம்ஷத் திகைத்தாள். "யாரும் போகலைம்மா. நான் சும்மா ஒருத்தரைப் பார்க்க..."

"சும்மாவா?" அந்தப் பெண்ணின் முகத்துக்கு ரத்தம் மொத்தமாகத் திரும்பியது. "சும்மா வர்றவ இப்படியா வருவா? உனக்குப் பெத்தவங்க இல்லையா, ஒண்ணும் சொல்லித் தரலையா? ஒரு வீட்டு வாசலுக்கு யாராவது பாஞ்சு வருவாங்களா? சாவுச் சேதி கொண்டு வர்றவன்தான் குதிரையை விரட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் வருவான்! நல்லபடியா வர்றவன் நூறடி முன்னாலயே கடிவாளத்தைப் பிடிச்சு, நடையில வருவான். என் நெஞ்சே நின்னு போச்சுடி பாவி!"

கம்ஷத் நகரத்தில் நாலாவது மாடியில் வளர்ந்தவள். லிஃப்டுக்குக் கடிவாளம் கிடையாது.

நூறடி முன்னாலேயே.

அவள் மெதுவாக ஹேண்டில்பாரைப் பார்த்தாள். பச்சைப் புள்ளி தெரு முனையைத் தொட்டிருந்தது. பதினான்கு. பதினொன்று. எட்டு. ஐந்து.

நிமிர்ந்தாள்.

தெரு முனையில் ஒரு கிழவர் துருப்பிடித்த சைக்கிளை நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். தலையில் கம்பளித் தொப்பி. செயினில் சிக்காதபடி வலது பக்கம் அங்கி ஓரத்தைக் குதிரை வாரால் கட்டியிருந்தார். முழங்காலில் கட்டு. முழங்கால் உயர பூட்ஸின் ஒரு காலில், பழக்க தோஷம், குதிரைச் சவுக்கு செருகியிருந்தது. நிறுத்தத் தெரியாமல் இரண்டு கால்களையும் தரையில் தேய்த்து நின்றார்.

"நீங்க ஐபார் இல்லை," என்றாள் கம்ஷத். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு முட்டாள்தனமான வாக்கியம் என்று தெரிந்தது.

"இல்லைம்மா," என்றார் அவர். "நான் அவன் சித்தப்பா. பெக்போலாத்." மற்ற பூட்ஸுக்குள் கையை விட்டு, கண்ணாடி விரிசல் விட்ட ஒரு செல்போனை எடுத்து, அதன் ஒரு பக்கத்தை மிகக் கவனமாக அழுத்தினார். பச்சைப் புள்ளி அணைந்தது.

"ஐபார் எங்க ஐயா?"

அவர் தலையைத் திருப்பினார். ஊருக்கு மேலே இருந்த மேட்டைப் பார்த்தார். அங்கே பழைய கல்லறைகளுக்கு நடுவில் ஒரு மண் குவியல் மட்டும் இன்னும் நிறம் மாறாமல் இருந்தது.

மந்தையைத் தாண்டி அப்போதுதான் வந்து சேர்ந்த எர்மெக், ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மேட்டைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

கேட்டில் நின்ற அந்தப் பெண், பெக்போலாத்தின் மனைவி குல்யாஷ், டீ ஊற்றிக் கொடுத்தாள். யாரும் குடிக்கவில்லை.

"இன்னியோட இருபது நாள்," என்றார் பெக்போலாத். "வளைவுல மணல் கொட்டிக் கிடந்திருக்கு. டயர் வழுக்கிடுச்சு. எதிர்ல லாரி. லாரிக்காரன் மேல தப்பில்லை. மூணு நாள் எங்க வாசல்லயே உட்கார்ந்து அழுதான். இருபத்தாறு வயசும்மா. அவன் அம்மா போனப்புறம் என் அண்ணனுக்கு இருந்த ஒரே ஆள்."

"ஐயாகிட்ட சொல்லலை."

"எப்படிச் சொல்றது? நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடக்கார். இந்தச் சேதி இப்ப காதுல விழுந்தா ஆபரேஷன் மேஜை வரைக்கும் வரமாட்டார்னு டாக்டர் சொல்லிட்டார். ஊர்ப் பெரியவங்க கூடினாங்க. ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் முறைப்படி எல்லாரும் சேர்ந்து போய்ச் சொல்லலாம், அதுவரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு முடிவு. ஆனா இந்தப் புள்ளியை யாரும் யோசிக்கலை." விரிசல் விட்ட போனை அவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "அண்ணன் தினமும் காலை டீயோட இதைத்தான் பார்ப்பார். புள்ளி நகர்ந்தா பையன் இருக்கான். மூணு நாள் வரலை. நாலாம் நாள் விடியக்காலம் நர்ஸு போன் பண்ணுது. மூச்சு முட்டுது, என் புள்ளி எங்க, என் புள்ளி எங்கன்னு கையைப் பிடிச்சு உலுக்கறாராம். போனை பூட்ஸுக்குள்ள போட்டேன். குதிரையில ஏறினேன்."

எர்மெக் மெதுவாகத் தலையைத் தூக்கினான். "முதல் நாலு நாள்..."

"ஆமா தம்பி. என் கறுப்புக் குதிரை. புல்லைக் கண்டா அப்பன் செத்தாலும் நகராது. அண்ணன் கண்டுபிடிச்சிடுவாரேன்னு, தபால்காரம்மா வீட்டுல கிடந்த சைக்கிளை வாங்கினேன். தினமும் சாயங்காலம் பழகினேன். அஞ்சாம் நாள் ரோட்டுக்கு வந்துட்டேன்."

"பதினாலு தடவை விழுந்தார்," என்றாள் குல்யாஷ். "அறுபத்தோரு வயசுல. ஊர்க் குழந்தைங்க சிரிச்சதுங்க. அப்புறம் அதுங்களே பின்னால பிடிச்சுக்கிட்டு ஓடி வந்துதுங்க."

"வாசல்ல ஏன் வேகத்தைக் குறைச்சீங்க?" கம்ஷத் கேட்டாள்.

பெக்போலாத்துக்குக் கேள்வியே புரியவில்லை. "குறைச்சேனா?" என்றார். "வாசல்னா குறைக்கத்தானே செய்வாங்க?"

அவருக்கே தெரியாமல் அவர் கை செய்த வேலை அது.

கிளம்பும்போது அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டே நாள் தாயி. வியாழக்கிழமை தாண்டட்டும். எதையாவது சொல்லிச் சமாளிச்சிடு. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

மலையிறங்கும்போது எர்மெக் பொய்யைத் தயார் செய்தான். "நாலாயிரம் கல்யாணத்துல பேசியிருக்கேன் தங்கச்சி. சொட்டைத் தலையைச் சிங்கப் பிடரின்னு சொல்லிக் கைதட்டல் வாங்கினவன். இதை என்கிட்ட விடு." ஆனால் நிவாவின் கியரை மாற்ற அவன் மூன்று தடவை முயல வேண்டியிருந்தது.

மாலை நாலு மணிக்கு இருவரும் அந்த ஜன்னலோரக் கட்டில் முன்னால் நின்றார்கள்.

எர்மெக் பிரமாதமாகப் பேசினான். ஐபாரை நேரில் பார்த்ததாகச் சொன்னான். நல்ல நிறமாக, தாடி விட்டுக்கொண்டு இருக்கிறானாம். அப்பா மேல் ஏதோ கோபமாம், அது இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறதாம். "'அப்பா கண்ணு முழிக்கற அன்னிக்கு அவர் கால்மாட்டுல நிப்பேன், போய்ச் சொல்லுங்க'ன்னு சொன்னான் ஐயா. சொல்றப்ப அவன் குரல் கம்மிடுச்சு."

தொக்தாசின் முழுதாகக் கேட்டார். நடுவில் ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை.

"அழகாப் பேசறே தம்பி. கல்யாணத்துல மைக் பிடிக்கறவனா நீ?"

"ஆமா ஐயா... இருந்தேன்."

"தெரியுது. வாய் கல்யாண வீட்டுல இருக்கு. கண்ணு சாவு வீட்டுல இருக்கு."

வார்டில் எங்கோ ஒரு கருவி விட்டுவிட்டு ஒலித்தது. எர்மெக் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"உட்காரு தாயி," என்றார் கிழவர் கம்ஷத்திடம். "உன்கிட்ட என்ன கேட்டேன்னு ஞாபகம் இருக்கா? என் மகனைக் கண்டுபிடின்னு கேட்டேனா?"

கம்ஷத் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். புள்ளியை ஓட்டறவனைக் கண்டுபிடிச்சுக் கொடு. அதுதான் அவர் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை அதுதான்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"நான் ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முதல் நாள் எனக்கும் அவனுக்கும் சண்டை. எதுக்குத் தெரியுமா? என் வாசலுக்கு அம்பது கிலோமீட்டர் வேகத்துல வந்து, புழுதி பறக்க நிப்பாட்டுவான். எத்தனை வருஷமாச் சொல்றேன், சாவு சொல்றவன் மாதிரி வராதேடா, வாசல்ல நடையில வாடான்னு. சிரிப்பான். 'இது குதிரை இல்லப்பா, சைக்கிள்'ம்பான். அன்னிக்கு நெஞ்சு வலி வேற. கையை ஓங்கிட்டேன். போயிட்டான்." அவர் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தார். "மூணு நாள் புள்ளி வராம இருந்து, நாலாம் நாள் வந்துது. பார்த்தா, என் வீட்டு வாசல்ல வேகம் குறையுது. அஞ்சு. நடை. பூட்டின வீட்டுக்கு முன்னால என் மகன் நடையில போறான். என் பேச்சைக் கேட்டுட்டான்னு அன்னிக்கு முழுக்கச் சந்தோஷமா இருந்தேன் தாயி. பக்கத்துக் கட்டில்காரனுக்கெல்லாம் காட்டினேன்."

அவர் போனைப் போர்வை மேல் கவிழ்த்து வைத்தார்.

"மறுநாள்தான் கவனிச்சேன், புள்ளி வாய்க்கால் ஓரம் நின்னு மேயுது. அந்தத் தின்னிப் பண்டாரத்தை எனக்குத் தெரியாதா? நான்தான் அதைக் குட்டியில என் தம்பிக்குக் கொடுத்தேன். சரி, தம்பி ஓட்டறான். ஐபார் எங்கே? அப்புறம் என்னைப் பார்க்க வர்றவங்களைக் கவனிச்சேன். முன்னெல்லாம் வர்றவன் எல்லாம் என் பையனைத் திட்டுவான். ஊதாரி, வேலைக்குப் போகாம ரெண்டு சக்கரத்துல சுத்தறான்னு. இப்ப ஒருத்தன்கூடத் திட்டலை. உயிரோட இருக்கற பிள்ளையைத் திட்டாம எந்த ஊர்ல விடுவாங்க?"

"தெரிஞ்சும் ஏன் ஐயா சொல்லலை?"

"யாரும் எனக்குச் சொல்லலையே. சேதிதான் ஆளைத் தேடி வரணும். ஆள் போய்ச் சேதியைப் பிடுங்கக் கூடாது. நான் வாயைத் திறந்தா, இத்தனை நாள் அந்தக் கிழவன் விழுந்து எழுந்ததெல்லாம் வீணாப் போகும். எனக்காகப் பொய்யைச் சுமக்கறான். அதை நான் தட்டி விடலாமா?" மூச்சு வாங்கியது. காத்திருந்து தொடர்ந்தார். "ஆனா அடுத்த வாரம் பனி விழுந்துடும். நான் மயக்கத்துல கிடந்தாலும் அவன் ஓட்டுவான். அவனுக்கு பிரேக் எதுன்னுகூடத் தெரியாது. ஒரு வளைவு எனக்கு ஒருத்தனை எடுத்துக்கிச்சு. போதும். அதனாலதான் வெளியாள் ஒருத்தர் வேணும்னு உன்னைக் கூப்பிட்டேன். இன்னொரு காரணமும் இருக்கு."

"என்ன ஐயா?"

"பதினாறு நாளா நான் அழலை தாயி. சேதி வராதவன் எப்படி அழறது? இதை உள்ளயே வெச்சுக்கிட்டு மேஜையில படுத்தா, டாக்டர் நெஞ்சைத் திறக்கறப்ப இதுதான் முதல்ல கையில தட்டுப்படும்."

"டாக்டர் ஒத்துக்கணுமே..."

"நேத்தே சொல்லிட்டேன். முதல்ல முடியவே முடியாதுன்னான். அப்புறம் அவனும் அழுதுட்டான். ஊசியோட பக்கத்துல நிக்கறேன்னு சொல்லியிருக்கான்." அவர் கம்ஷத்தின் கையைத் தட்டினார். "நாளைக்கு என் தம்பியை இங்க வரச்சொல்லு. கடைசியா ஒரு தடவை. எப்படி வரணும்னு அவனுக்குத் தெரியும்."

புதன்கிழமை காலை.

தொக்தாசின் ஆஸ்பத்திரி உடுப்புக்கு மேலே தன் நீளமான சப்பான் அங்கியைப் போட்டு, நரித்தோல் தொப்பியை வைத்துக்கொண்டு, இரண்டாம் மாடி ஜன்னலருகே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கதவோரம் இளம் டாக்டர் ஊசித் தட்டோடு. கம்ஷத் நாற்காலியின் பின்னால். போன் எர்மெக்கின் கையில் இருந்தது.

"கண்ணாடி போடலை. நீ படி தம்பி," என்றார் கிழவர்.

பச்சைப் புள்ளி மலையிலிருந்து இறங்கி, பாப்ளர் மரச் சாலையில் நேராக வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் மெதுவாக இரண்டு கார்கள் வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஊர்ப் பெரியவர்கள்.

"பதினாலு," என்று படித்தான் எர்மெக். "பதினாலு. பதிமூணு."

ஆஸ்பத்திரியின் இரும்பு கேட் திறந்திருந்தது. கிழவரின் கை ஜன்னல் விளிம்பைப் பற்றியது.

"நூறடி இருக்குமா?"

"இருக்கும் ஐயா."

"படி."

"பதினாலு." எர்மெக் போனைக் கண்ணருகே கொண்டுபோனான். "பதினாறு. பத்தொன்பது."

"குறையலையா?"

நாலாயிரம் மேடை ஏறிய குரல் உடைந்தது. "குறையலை ஐயா. இருபத்திரண்டு."

கேட்டுக்குள் பாய்ந்து நுழைந்த துருப்பிடித்த சைக்கிள், புழுதி கிளப்பிக்கொண்டு, மருந்துக்கடைப் படியில் மோதிச் சரிந்தது. கம்பளித் தொப்பி எங்கோ உருண்டது. எழுந்த கிழவர் ஜன்னலை அண்ணாந்து பார்த்து இரண்டு கைகளையும் விரித்தார். அவருடைய முன்னோர் எல்லோரும் குதிரை மேலிருந்து கத்திய அதே கூக்குரல் இரண்டு மாடிக்கும் ஏறி வந்தது.

"ஐயோ... என் ஈரக்குலையே!"

"சபாஷ்!" என்று எர்மெக்கின் கையிலிருந்த போன் குதூகலித்தது. "உங்கள் நண்பர் ஐபார் இன்று இந்த மாதத்தின் அதிக வேகத்தைத் தொட்டுவிட்டார்! கை தட்டி..."

எர்மெக் போனைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்தி அந்தக் குரலை மூடினான்.

நாற்காலியில் இருந்தவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். வாயைத் திறந்தார். முதலில் மூச்சு மட்டும்தான் வந்தது. அதன் பிறகு வந்ததைக் கேட்டு, வார்டில் படுத்திருந்த ஒவ்வொருவரும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்கள்.